சர்க்கரை சோப்பு

பெரியவளுக்குத் தொழில், பார்லரில் தலை கழுவுவது. முடி வெட்டுவதும் சாயம் பூசுவதும் முன் அறையில், கண்ணாடிக்கு எதிரே, பாட்டுச் சத்தத்துக்கு நடுவே நடக்கும் வேலைகள். அவற்றைச் செய்கிறவர்களை வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லிக் கேட்பார்கள். தலை கழுவுகிறவளை யாரும் கேட்பதில்லை. மல்லாந்து படுத்து, பேசினின் பள்ளத்தில் கழுத்தை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார்கள். அவர்களைப் பொறுத்தவரை அவள் இரண்டு கை, அவ்வளவுதான். அந்த இரண்டு கையோடு பதினெட்டு வருடமாகப் பின் அறையில் நிற்கிறாள். ஒரு நாளைக்கு முப்பது தலை. சனி, ஞாயிறு என்றால் ஐம்பதைத் தொடும்.

பக்கத்துப் பேசினில் அவள் தங்கை. ஏழு வருடத்துக்கு முன் முதலாளியம்மாவின் கையைக் காலைப் பிடித்து அக்காதான் அவளைச் சேர்த்துவிட்டாள். அன்று முதல் பார்லரில் ஒருத்தி பெரியவள், இன்னொருத்தி சின்னவள். கல்யாணப் பேச்சு இருவருக்கும் ஒரு காலத்தில் வந்தது, வந்த வழியே போனது. ஒரே வீடு, ஒரே அடுப்பு, காலையில் ஒரே பஸ். சண்டை போட்டாலும் ஒரே பஸ்தான்.

சிக்கல் கையில் ஆரம்பித்தது. முதலில் விரலிடுக்கில் அரிப்பு. அப்புறம் மூட்டுக்கு மூட்டு வெடிப்பு. இத்தனை வருடம் சாதுவாக இருந்த ஷாம்பு, திடீரென்று ஜென்மப் பகையாளி மாதிரி நடந்துகொண்டது. கையுறை போட்டுப் பார்த்தாள். ரப்பர் முடியைப் பிடித்து இழுத்தது, படுத்திருந்தவர்கள் வீலென்று கத்தினார்கள். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைத் துண்டில் சிவப்பாக ஒரு பொட்டு விழுந்தது. அது பெரியவளின் ரத்தம்.

முதலாளியம்மா கெட்டவள் அல்ல. ஆனால் கடை நடத்துகிறவள். "கை சரியாகலன்னா உன்னை நான் வேற என்ன வேலைக்கு வெச்சுக்கறது? நீயே சொல்லு" என்று கேட்டாள். நாற்பத்தாறு வயதில், தலை கழுவுவதைத் தவிர எதுவும் தெரியாத பெரியவள் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தோல் டாக்டர் அவள் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலையை விடுங்க, இல்ல சோப்பை விடுங்க."

"வேலையை விட முடியாதுங்க டாக்டர்."

"அப்போ சோப்பு." ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். "டெசைல் குளுக்கோசைடு. தேங்காய் எண்ணெய், சோளத்துலேருந்து எடுக்கற சர்க்கரை, ரெண்டையும் வெச்சுப் பண்றது. குழந்தைங்க சோப்புலகூடப் போடுவாங்க. அழுக்கை எடுக்கும், தோலை அவ்வளவா உரிக்காது. நுரை மட்டும் கொஞ்சம் கம்மி."

அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து நாக்கு சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். வீட்டுக்கு வருவதற்குள் அது 'சர்க்கரை சோப்பு' ஆகிவிட்டது.

முதலாளியம்மா யோசித்து, அந்தச் சரக்கு போட்ட ஷாம்பு ஒரு கேன், இரண்டு பேசினுக்கும் சேர்த்து வரவழைத்தாள். "ஒரு மாசம் பாக்கலாம். கஸ்டமர் ஒருத்தர்கூட மூக்கால அழக் கூடாது. அழுதா பழசுதான். அதுக்கப்புறம் உன் கையை வெச்சு நீ முடிவு பண்ணிக்கோ."

முதல் வாரமே அழுகை ஆரம்பித்தது. வாராவாரம் வரும் வங்கி அம்மா கண்ணைத் திறந்து, "என்னம்மா, ஷாம்பு போட்டியா, இல்ல வெறும் தண்ணிய ஊத்தி ஏமாத்தறியா?" என்றாள். தலை பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் காதோரம் புசுபுசுவென்று சத்தம் கேட்கவில்லையே! நுரை கழுவுவதில்லை, நுரை வெறும் காற்று என்று அவளிடம் யார் சொல்வது? காசு கொடுத்துப் படுத்திருக்கிறவர்களுக்குப் பாடம் நடத்த முடியாது.

பெரியவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். முதல் தடவை கழுவும்போது எண்ணெயும் பிசுக்கும் போய்விடும். இரண்டாம் தடவை கொஞ்சம் நுரை வரும். ஆகவே எல்லாத் தலையையும் இரண்டு தடவை கழுவினாள். முப்பது தலை அறுபது ஆனது. சாயங்காலம் பஸ்ஸில் மேலே உள்ள கம்பியைப் பிடிக்கத் தோள் எழும்பவில்லை. ஆனால் பத்தே நாளில் வெடிப்புகள் மூடிக்கொண்டன. உருளைக்கிழங்கு உரிக்கும்போது எரியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். உடம்பு முழுக்கக் களைப்பு, கை மட்டும் புதுசு.

மூன்றாம் வாரம் ஓர் அதிசயம் நடந்தது. முதல் தடவையிலேயே நுரை பொங்கியது. வங்கி அம்மா, "ஆங், இப்ப சரி!" என்று சிரித்தாள். முதலாளியம்மா எட்டிப் பார்த்து, "பழகப் பழகத்தான் நுரைக்கும்போல" என்றாள். கேன் அடியில் சரக்கு கெட்டியாக இருந்திருக்கும் என்று பெரியவளும் தனக்குத் தோன்றிய காரணத்தைச் சொல்லிக்கொண்டு, தோளுக்கு ஓய்வு கிடைத்ததே என்று ஒரு தடவையோடு நிறுத்தினாள்.

நான்காம் நாள் விரலிடுக்கு அரித்தது. ஏழாம் நாள் பழைய இடத்திலேயே பிளந்தது. சர்க்கரை சோப்பும் கைவிட்டுவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். கோபம்கூட வரவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. வேலையை விட்டுவிடலாம், வீட்டில் உட்கார்ந்து தங்கை சோற்றைத் தின்னலாம் என்று முடிவுக்கு வந்துவிட்டாள்.

அரிப்பில் தூக்கம் கெட்ட ஒரு காலையில், வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தாள். கடை திறக்கும் முறை அந்த மாதம் சின்னவளுக்கு; அவள் அதற்கும் முன்னாலேயே தனியாகக் கிளம்பிவிடுவாள். பின் அறையில் நுழைந்தால், சின்னவள் இரண்டு பம்ப் பாட்டில்களையும் திறந்து வைத்து, புனல் போட்டு, பழைய ஷாம்புவை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்றே?"

சின்னவள் புனலைக் கீழே போட்டாள். "கால் பங்குதான்க்கா. நுரை வரலன்னா முதலாளியம்மா இதைத் தூக்கிடுவாங்க. மாசம் முடியறவரைக்கும் சமாளிச்சுட்டா அப்புறம்..."

"அப்புறம்?"

அப்புறத்தை அவள் யோசித்திருக்கவில்லை. "உனக்காகத்தான் பண்ணேன்" என்றாள், சின்னக் குரலில்.

பெரியவள் தன் கைகளை நீட்டிக் காட்டினாள். சின்னவள் பார்த்தாள். மூன்று நாளாகத் துணியைச் சுற்றி மறைத்துவைத்திருந்த கைகள். அக்காவுக்குத் தங்கையை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. கை எரிந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

அன்று முதலாளியம்மா வந்ததும் பெரியவள், "நீங்க ஒரு தடவை படுங்கம்மா" என்றாள். பாட்டிலைக் கழுவி, கேனிலிருந்து கலப்பில்லாத சரக்கை நிரப்பி, முதலாளியம்மாவின் தலையை இரண்டு தடவை கழுவினாள். கழுவிக்கொண்டே சொன்னாள். "நாங்க பழசைக் கலந்தோம்மா. இதான் நிஜம். இவ்வளவுதான் நுரைக்கும்." நாங்கள் என்றுதான் சொன்னாள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

முதலாளியம்மா ஈரத் தலையோடு எழுந்து கொஞ்ச நேரம் கத்தினாள். அப்புறம் முடியைத் தொட்டுப் பார்த்தாள். "தலை நல்லாத்தான் இருக்கு. ஆனா என் தலையா கடையை நடத்துது?" கடைசியில் வியாபாரியாகவே ஒரு முடிவு சொன்னாள். "உன் பேசின்ல இது. அவ பேசின்ல பழசு. யாருக்கு எது வேணுமோ அங்க படுக்கட்டும்."

பெரியவளின் வேலை பிழைத்தது. அதை நினைத்து அவள் நிம்மதியாகத் தூங்கியது இரண்டே மாதம்தான். பத்துப் பேரில் எட்டுப் பேர் நுரைக்குத்தான் படுத்தார்கள். இந்தப் பக்கம் பெரியவள் துண்டு மடித்துக்கொண்டு நின்றாள், அந்தப் பக்கம் சின்னவள் நிமிர நேரமில்லாமல் கழுவினாள். மூன்றாம் மாதம் சின்னவள் சாப்பிடும்போது ஸ்பூன் எடுத்தாள். எப்போதும் கையால் சாப்பிடுகிறவள்.

"கையைக் காட்டு."

"ஒண்ணுமில்லக்கா."

"காட்டுடீ."

மோதிர விரலுக்கும் நடு விரலுக்கும் இடையே சிவந்து, தோல் உரிந்திருந்தது. அந்த இடத்தைப் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நாளையிலேருந்து மாத்திக்கலாம்" என்றாள். "அந்தப் பக்கம் ஒரு நாள் நீ, ஒரு நாள் நான்."

"உனக்குத்தான் அது ஆகாதே!"

"ஆகாதுதான். உனக்கு மட்டும் ஆகுதா?"

மறுநாள் பெரியவள் பழைய ஷாம்புப் பேசினுக்குப் போனாள். வங்கி அம்மா வந்து படுத்தாள். நுரை மணிக்கட்டு வரை ஏறியது. இன்னும் எரியவில்லை, சாயங்காலத்துக்குள் எரியும். பக்கத்தில் சின்னவள் யாரோ ஒருத்தியின் தலையை இரண்டாம் தடவை கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு அருமையா நுரைக்குதே!" என்றாள் வங்கி அம்மா, கண்ணை மூடியபடி.

"ஆமாம்மா" என்றாள் பெரியவள். இன்று வியாழன். நாளைக்குத் தங்கையின் முறை.