என் மகனுக்குப் பிடித்த பேண்ட்

இந்த ஊரில் பெண்பிள்ளைகள் ஸ்கூட்டியில் ஏறுமுன் துப்பட்டாவால் முகத்தை முழுக்கச் சுற்றிக்கொள்வார்கள். கண் மட்டும்தான் தெரியும். கல்யாணமாகி புனேக்கு வந்த புதிதில் அதைப் பார்த்து நான் பயந்திருக்கிறேன். தூசிக்கும் வெயிலுக்கும் என்று பிறகு தெரிந்தது. இப்போது பையன்களும் கைக்குட்டை கட்டிக்கொள்கிறார்கள். சிக்னலில் நிற்கிற ஒவ்வொரு பையனின் கண்ணையும் உற்றுப் பார்க்கிற பழக்கம் எனக்கு ஒன்றரை வருஷமாக இருக்கிறது. என் மகன் செந்தில் வீட்டை விட்டுப் போய் அவ்வளவு காலமாகிறது.

அவனுக்கு 'சாடேதீன்' என்றால் உயிர். நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டும், அது புனேயில் பிறந்த பாட்டு பேண்ட், நாலு பேர். மராத்தியில் மூன்றரை என்று அர்த்தம். மத்தியானம் ஊரே கடையை அடைத்துவிட்டுத் தூங்குகிற மூன்றரை மணிக்கு வாசித்துப் பழகி அக்கம்பக்கத்தில் திட்டு வாங்கியதால் அந்தப் பெயராம். இன்று வெளிநாடெல்லாம் போகிறார்கள். செந்திலும் கிடார் வாசிப்பான். அவன் அப்பாவுக்கு கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. மகனும் அங்கேயே சேர வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். அதற்கான பரீட்சையை எழுதப் போவதாகச் சொல்லிவிட்டு இவன் கச்சேரிக்குப் போன அன்று வீட்டில் பெரிய சண்டை. நாங்கள் தமிழில் திட்டினோம், அவன் இந்தியில் பதில் சொன்னான். அவர் கத்தினார், அவ்வளவுதான். "எங்களுக்குப் பிள்ளையே பொறக்கலன்னு நெனச்சுக்கிறோம், போ" என்று சொன்னது நான். அவன் கிடாரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். முதலில் ஃபோனை எடுக்கவில்லை, பிறகு அந்த எண்ணே இல்லாமல் போனது.

இந்த மாதக் கடைசியில் அவர் ரிட்டயர் ஆகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சோழவந்தானுக்குப் போகிறோம். என்றைக்காவது மனம் மாறி வந்தால் செந்தில் இந்தக் கதவைத்தான் தட்டுவான். வேறு யாரோ திறப்பார்கள். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள், சாடேதீன் ரசிகர்கள் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுசேர்ந்து அந்த நாலு பேரும் வளர்ந்த இடங்களைச் சுற்றிப் பார்ப்பார்கள் என்று. அவரிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சதாசிவ் பேட்டையில் ஒரு பழைய வீட்டுக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட ஷெட். அங்கேதான் பேண்ட் தொடங்கியதாம். இருபது பேர் அந்தக் கதவைத் தொட்டுத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் என் பிள்ளை இல்லை. கூட்டிப்போகிற பெண் ருதுஜா, "ஆன்ட்டி, நீங்க எப்படி இங்க?" என்று இந்தியில் கேட்டாள். என்னுடையது காய்கறி வாங்குகிற இந்தி. "மேரே பேட்டே கா பேண்ட்" என்றேன். மகனுக்குப் பிடித்த பேண்ட் என்று சொல்லத்தான் நினைத்தேன். என் மகனுடைய பேண்ட் என்று ஆகிவிட்டது. அந்த நாலு பேரில் ட்ரம்ஸ் வாசிப்பவன் தமிழ்ப் பையன். நான் அவனுடைய அம்மா என்று நினைத்து ருதுஜா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிஷம் ஒவ்வொருவராகக் குனிந்து என் காலைத் தொட ஆரம்பித்தார்கள். "நஹீ, நஹீ" என்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆற்றங்கரைப் படிக்கட்டில் என் கையைப் பிடித்து இறக்கினார்கள். பேண்டின் நாலு பேரும் பெயரைக் கீறி வைத்திருக்கிற மிசல் கடை மேசையில் என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒரு பெண் பாவ் ரொட்டியைப் பிய்த்து மிசல் என்கிற காரப் பயறுக் குழம்பில் தோய்த்து என் வாயில் ஊட்டினாள். சின்ன வயதில் அவன் ரொம்பச் சேட்டையா என்று கேட்டாள். "ரொம்ப" என்றேன். பொய் சொல்கிறோம் என்று தெரிந்தது. ஆனால் ஒன்றரை வருஷத்தில் யாரும் என்னிடம் என் பிள்ளையைப் பற்றிக் கேட்டதில்லை.

அதற்கு மேல் முடியவில்லை. ஃபோனில் இருந்த செந்திலின் படத்தைக் காட்டி, இவனைத் தேடித்தான் வந்தேன், இவன் சாடேதீன் ரசிகன், பேண்டில் இருப்பவன் இல்லை என்று எப்படியோ புரிய வைத்தேன். ஊட்டிவிட்ட பெண் கையைத் துடைத்துக்கொண்டாள். கோடியில் இருந்த அனிகேத் என்ற பையன் மட்டும் எழுந்து வந்து படத்தை வாங்கிப் பார்த்தான்.

"இது நம்ம சாண்டி. முன்னாடி எல்லா மாசமும் வருவான்."

"இப்ப எங்க?"

"கோவா போறேன்னு சொன்னான். ஆறு மாசமாச்சு. நம்பர் இல்ல." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான். "நீங்க அவனோட மௌஸியா? அம்மா இறந்துட்டாங்கன்னு சொல்லியிருக்கான்."

மௌஸி என்றால் சித்தி. அம்மா இறந்துவிட்டாள் என்பது, பிள்ளையே பிறக்கவில்லை என்று நான் சொன்ன வார்த்தைக்குச் செந்தில் சொன்ன பதில். நான்தான் அம்மா என்று சொன்னால் சிநேகிதர்கள் நடுவில் என் பிள்ளை பொய்யனாகிவிடுவான்.

"ஆமா, மௌஸிதான்" என்றேன்.

அனிகேத் என் எண்ணை அந்தப் பெயரிலேயே பதிந்துகொண்டான். சாண்டி பேசினால் கொடுப்பதாகச் சொன்னான். பேசுவான் என்று அவன் முகத்தில் நம்பிக்கை இல்லை. அடுத்து அவர்கள் கடக்வாஸ்லா அணைக்குக் கிளம்பினார்கள், முதல் வீடியோ எடுத்த இடமாம். "வாங்க மௌஸி" என்றாள் ருதுஜா. இல்லையம்மா என்று சொல்லிவிட்டுக் கட்கி பஸ் ஏறினேன்.

வீட்டில் அவர் அட்டைப்பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். எந்தக் கோயில் என்று கேட்கவில்லை. நான் மார்க்கரை எடுத்து, வாசல் கதவை ஒட்டிய சுவரில் நாங்கள் போகப்போகிற முகவரியை எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் செந்திலுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பது உறைத்தது. அதன் கீழே, பஸ் போர்டு பார்த்துப் பழகிய மராத்தி எழுத்தில் மறுபடி எழுதினேன். அதில் ழ கிடையாது. சோளவந்தான் என்றுதான் எழுத முடிந்தது. என் ஊர் மாதிரியே இல்லை.

அவர் பின்னால் வந்து நின்று பார்த்தார்.

"பின்கோடு விட்டுட்ட" என்று சொல்லி, மார்க்கரை வாங்கி அதையும் எழுதினார்.

சாவியை ஒப்படைத்த மறுநாளே வெள்ளையடிக்க ஆள் வரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.