மணல் பிடிக்காத மருந்து

தாராபுரத்துப் பக்கம் எங்கள் வீட்டு வளவு முழுவதும் மணல். அந்த மணலிலும் மிளகாய் வைத்துப் பிழைக்கலாம் என்று தைரியம் சொன்னவர் என் சொந்த அண்ணன். முருங்கன் என்ற ஊரில் விவசாய மருந்துக் கடை வைத்திருக்கிறார். அங்கே தோட்டக்காரர் எல்லாரும் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். நானும் கேட்டேன். கூடப் பிறந்தவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

வேரில் புழு விழுந்தபோது அவரே மருந்து கொண்டுவந்து தந்தார். முருங்கன் தோட்டங்களுக்குக் கொடுக்கும் அதே மருந்து, அதே அளவு. ஊற்றினேன். கொஞ்ச நாளில் புழு திரும்பவும் வந்தது. தொலைபேசியில் சொன்னேன்.

“உன்ர மணல் மருந்தைப் பிடிச்சு வைக்காது தங்கச்சி. அடிக்கடி ஊத்து,” என்றார்.

பிடித்து வைக்காவிட்டால் அது எங்கே போகிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அடிக்கடி ஊற்றினேன். மிளகாய் செழித்தது. அண்ணனை ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்தேன்.

பாத்தியை ஒட்டித்தான் எங்கள் கிணறு. உப்புத் தட்டாத தண்ணீர் என்று அயலவரும் குடத்தோடு வருவார்கள். மகள் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு எங்களிடம் வந்திருந்தாள். வேறு எந்தத் தண்ணீரும் அவளுக்குக் குமட்டியது. இதைத்தான் செம்பு செம்பாகக் குடித்தாள்.

ஒருநாள் மிளகாயைப் பார்க்க விவசாயப் போதனாசிரியர் வந்தார். என் மகள் வயதுப் பெண். செடியை விட்டுவிட்டுக் கிணற்றைத்தான் பார்த்தார்.

“இதையோ குடிக்கிறீங்கள் அம்மா?”

“ஓம் பிள்ளை. ஏன்?”

என்ன மருந்து, எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது.

“முருங்கன் மண் களி. அந்தக் களியிலயும் மக்கின எருவிலயும் மருந்து ஒட்டிக்கொள்ளும். அங்கேயே கிடந்து மெல்ல மெல்ல அழியும். இந்த மணல்ல ஒட்டுறதுக்கு ஒண்டுமில்லை அம்மா. இது தண்ணியில கரையிற மருந்து, ஊத்துற தண்ணியோட நேர கீழ இறங்கும். கீழ இருக்கிறது உங்கட கிணத்துத் தண்ணிதானே.”

அன்றே கிணற்றை மூடி, அயலவருக்கும் சொல்லி, மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். பிள்ளை பிறக்கும்வரை ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“மணல் பிடிக்காதெண்டு தெரியும். கிணறு பக்கத்தில எண்டும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா?”

பிழை என்னுடையது போலச் சொன்னார்.

“நான் உன்ர வீட்டில தண்ணி குடிக்கிறேல்லை. அதைக் கண்டு நீயே விளங்கிக்கொள்ளுவாய் எண்டு நினைச்சன்.”

நான் காணவில்லை. போன ஞாயிறு பூசை முடிந்து வந்தவர் தேநீரும் வேண்டாம் என்றுவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து கதைத்தார். கதைக்கிற நேரம் முழுவதும் அவள் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.