கருந்துளையும் கியூமர்ஸின் மரியாதையும்

தெஹ்ரானில், எங்கள் இயற்பியல் துறையில், கியூமர்ஸைப்போல் மரியாதைக்காரர் கிடையாது. வாசலில் நின்று "நீங்க முதல்ல" என்று ஆரம்பித்தால் உள்ளே போவதற்குள் மாதுளை பழுத்துவிடும். ஒருமுறை நிலநடுக்கத்தின்போதும் அப்படித்தான் நின்றார். வெட்கப்பட்டு நிலமே அடங்கிவிட்டது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

பாதி ஆயுளாக அவர் கட்டிக்கொண்டு அழுதது ஒரே கேள்வியை. கருந்துளை கண்டதையும் விழுங்குகிறது. பிறகு தானும் மெல்ல ஆவியாகித் தீர்ந்துபோகிறது. அப்போது, உள்ளே விழுந்தது என்ன என்கிற தகவலும் அழிந்துவிடுமா? அழிந்துவிடும் என்பார் அவருடைய ஆசிரியர் உஸ்தாத் நொஸ்ரதுல்லா. கியூமர்ஸின் கணக்கு வேறு. துளை ஆவியாகும்போது கசிகிற ஒளியில் தகவலும் சிதறி வெளியே வந்துவிடுகிறது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போவதால் அதை முழுக்கச் சேர்த்துப் பிடிக்கத்தான் யாராலும் முடிவதில்லை. கைக்கு எட்டாதது வேறு, இல்லாமல் போனது வேறு.

வரப்போகும் மாநாட்டில் யார் யார் பேசுவது என்று முடிவுசெய்யும் துறைக் கூட்டத்தில் இதைச் சொல்லி முடித்ததும் உஸ்தாத் புருவத்தைத் தூக்கினார். உடனே நம் ஆள் நெஞ்சில் கை வைத்து, "உங்க முன்னாடி என் கணக்கு எம்மாத்திரம் உஸ்தாத், நீங்க சொல்றதுதான் சரி" என்றார். எங்கள் ஊரில் இது வணக்கம் சொல்வதுபோல. ஆனால் கூட்டத்தை நடத்திய அர்ஷாம் பெர்லினில் வளர்ந்து அப்போதுதான் வந்திருந்தான்.

"சரி, கியூமர்ஸ் கருத்த வாபஸ் வாங்கிட்டார். மாநாட்டுப் பட்டியல்லேருந்து அவர் பேச்ச நீக்கிடலாம்."

கியூமர்ஸின் முகம் வெளுத்தது. பக்கத்திலிருந்த என்னிடம் குனிந்தார்.

"அக்கா, இப்ப என்ன பண்றது?"

"வாயத் திறந்து இல்லன்னு சொல்லு."

"உஸ்தாத் முகத்துக்கு நேராவா? அதுக்கு கருந்துளையிலயே குதிச்சிடுவேன்."

"குதி. தகவல்தான் வெளிய வரும், நீ வரமாட்டே."

இதற்குள் உஸ்தாத்துக்கும் மனசு கேட்கவில்லை. "வாபஸ் எதுக்கு? நான் கிழவன், எனக்கென்ன தெரியும். கியூமர்ஸ் ஜான், என் கண்ணு, நீ சொல்றதுதான்ப்பா சரி."

அர்ஷாம் பேனாவைக் கீழே வைத்தான். "ரெண்டு பேருமே வாபஸா? அப்ப தகவல் இருக்கா, இல்லியா?"

இந்த இடத்தில் "ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க" என்று கியூமர்ஸ் பலமுறை மறுத்திருக்க வேண்டும். அதுதான் முறை. மறுத்தால் பாதி ஆயுள் உழைப்பு போயிற்று. எழுந்தார்.

"ஆமா உஸ்தாத். நான் சொல்றதுதான் சரி."

உபசாரத்துக்குச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்ட மனிதனை அந்த அறை அதுவரை பார்த்ததில்லை. உஸ்தாத் கன்னத்தில் அடக்கியிருந்த சர்க்கரைக் கட்டியைக் கடித்துத் தேநீரோடு விழுங்கினார்.

"அப்படியா? உன் கணக்கோட கடைசி வரியில எனக்குச் சந்தேகம் இருக்கு. பலகைக்கு வா. அர்ஷாம், இவன் பேர மறுபடி எழுது. மாநாட்டுல எல்லார் முன்னாடியும் இவன நான் கேள்வி கேட்டுக் கிழிக்கணும்."

கியூமர்ஸ் சாக்பீஸை எடுத்தார். அந்தக் கடைசி வரியைப் பலகையில் எழுத ஆரம்பித்தார்.