மேல்வீட்டுக் குழாயும் என் நுரையீரலும்

எனக்கு டிபி வரவில்லை. வந்திருந்தாலும் அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல இன்றைக்கும் என்னால் முடிவதில்லை. பாதியிலேயே கோபம் வந்துவிடும், இல்லையென்றால் இருமல் வந்துவிடும்.

நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத். வேலை சனத்நகரில், ஒரு இன்ஜினியரிங் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில். கணவர் மத்திய அரசின் பாதுகாப்புத் துறையில் இருக்கிறார். குஷாய்குடாவைத் தாண்டி ஒரு அபார்ட்மென்டில் கடன் போட்டு வீடு வாங்கி, பெண்ணோடு குடிவந்தோம். எங்களுக்கு நேர் மேலே இருந்தவர்தான் அபார்ட்மென்ட் அசோசியேஷனின் தலைவர். மனை வாங்கி விற்கிற தொழில். வாஸ்து பார்த்துத் தன் பாத்ரூமை இடித்துப் புதிதாகக் கட்டினார். அதற்கு அடுத்து வந்த மழைக்காலத்தில் எங்கள் படுக்கையறைச் சுவரில் ஓதம் ஏறியது.

முதலில் பீரோவுக்குப் பின்னால் ஒரு ஈரத் திட்டு. பிறகு பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. அப்புறம் கடுகு தாளிக்கும்போது தெறித்த மாதிரி கருப்புப் புள்ளிகள். அவை ஒன்றோடொன்று சேர்ந்து, மேலே பச்சையும் அடியில் கருப்புமாக வெல்வெட் போல ஆயின. அறைக்குள் நுழைந்தாலே நனைந்த சாக்கு வாசனை. பீரோவில் இருந்த பட்டுப் புடவையை எடுத்தால் மடிப்பில் வெள்ளையாகப் பூசணம். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு அந்தச் சுவரைத் தேய்ப்பேன். காய்ந்த பூஞ்சையைத் தேய்த்தால் அது காற்றில்தான் கிளம்பும், நேராக மூக்குக்குள்தான் போகும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு லேசாக இழுப்பு உண்டு.

கணவர் மேலே போய்த் தலைவரிடம் சொன்னார். தலைவர் கீழே வந்து பார்க்கக்கூட இல்லை.

"ஏம் காதண்டி, ஒன்றும் ஆகாது. மழைக்காலம் அப்படித்தான். வெயில் வந்தால் காய்ந்துவிடும்" என்று தெலுங்கில் சொல்லி அனுப்பிவிட்டார். குழாயில் கசிவு இருக்கிறதா என்று பிளம்பரை வைத்துப் பார்க்கலாமே என்று கேட்டதற்கு, புது டைல்ஸில் யாரும் கை வைக்கக் கூடாது என்றார்.

வெயில் வந்தது. சுவர் காயவில்லை. பெயின்டர் வந்து சுரண்டி, பட்டி பார்த்து, வெள்ளை அடித்துவிட்டுப் போனார். அந்த வெள்ளையின் மேலேயே மறுபடி கருப்பு பூத்தது.

எனக்கு இருமல் வந்தது அந்தச் சமயத்தில்தான். ஜுரம் வந்து வந்து போனது. இருமி இருமி, முற்றிய வெல்லப்பாகு நிறத்தில் கட்டி கட்டியாகச் சளி வரும். ரப்பர் துண்டு மாதிரி இருக்கும். ஒருநாள் அதில் ரத்தக் கீற்று தெரிந்தது. பயந்துபோய்ப் பக்கத்துத் தெரு கிளினிக்குக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நுரையீரலின் மேல் பாகத்தில் நிழல் இருந்தது. சளியைச் சோதித்ததில் டிபி கிருமி எதுவும் தெரியவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"இந்த இடத்தில் நிழல் இருந்தால் நம் ஊரில் அது டிபிதான் மேடம். மாத்திரையை ஆரம்பித்துவிடலாம்" என்றார்.

எங்கே படுக்கிறீர்கள், வீடு எப்படி இருக்கிறது, இழுப்பு உண்டா, ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் ஒரு இரும்புத் துண்டை நிராகரிப்பதற்கு முன்னால், அவர் என்னைப் பார்த்ததைவிட அதிக நேரம் கையில் வைத்துப் பார்ப்பேன்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது. சோற்று வாசனை வந்தாலே குமட்டியது. இருமல் மட்டும் அப்படியே இருந்தது. கணவர் மறுபடி மேலே போனார். இந்தத் தடவை, மனசு இளகும் என்று நினைத்து, உள்ளதைத் தெலுங்கில் சொல்லிவிட்டார்.

"என் வைஃபுக்கு டிபின்னு சொல்லியிருக்காங்க சார். அந்த ரூம்ல படுக்கவே முடியல. கொஞ்சம் தயவு பண்ணுங்க."

மறுநாள் காலை அபார்ட்மென்டின் வாட்ஸப் குரூப்பில் தலைவர் ஒரு அறிவிப்பு போட்டார். அனைவருடைய ஆரோக்கியத்தையும் முன்னிட்டு, தொற்றுநோய் உள்ளவர்கள் லிஃப்டைத் தவிர்த்துப் படிகளைப் பயன்படுத்தும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கீழே கும்பிடு போடும் இரண்டு கைகள். பெயர் எதுவும் இல்லை. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்திருந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டியவர்கள் எத்தனையோ பேர். அதில் ஒருத்தி என்னிடம் இட்லி மாவு வாங்கிப்போனவள்.

நுரையீரல் கெட்டுப்போனவளைப் படியேறச் சொன்னார்கள். நானும் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது. வேலை முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாக ஏறி, நடுவில் உட்கார்ந்துவிடுவேன். ஒருநாள் அப்படி இரண்டாம் மாடியில் லிஃப்டுக்கு எதிரே படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். லிஃப்ட் நின்று கதவு திறந்தது. உள்ளே தலைவர், கையில் காய்கறிப் பையோடு. என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் கையை நீட்டி பட்டனை அழுத்தினார். கதவு மூடிக்கொண்டது.

வீட்டுக்குள் வந்து அதைச் சொன்னபோது கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"விடும்மா. நாம சண்டை போட்டா, நாளைக்கு இவங்க நடுவுலதானே இருந்தாகணும்?"

"அவர் வீட்டுத் தண்ணி நம்ம சுவத்துல வருது. நான் அவர் லிஃப்ட்ல போகக்கூடாதா?"

"அவர் லிஃப்ட் இல்ல, எல்லாருதும்தான். சரி, நீ லிஃப்ட்லயே போ."

"நீங்க இதை அவர்கிட்ட சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. அந்த மாதங்களில் தலைவர்மேல் இருந்ததைவிட அதிகமான கோபம் எனக்கு இவர்மேல்தான் இருந்தது. என் பெண்ணுடைய சிநேகிதி ஒருத்தி, கீழ்வீட்டுப் பெண், தினமும் சாயங்காலம் வந்து ஹாலில் உட்கார்ந்து படிப்பாள். அவளும் வருவது நின்றுபோயிற்று. ஏன் வரவில்லை என்று கேட்டால், "ஷீ ஹேஸ் டியூஷன் மம்மி" என்பாள் என் பெண். அந்தப் பெண்ணுக்கு டியூஷன் எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரியும். ஏழாவது படிக்கிற குழந்தை எனக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டிருந்தாள்.

தசரா விடுமுறைக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு மாரேட்பள்ளியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனேன். என் தட்டை நானே தனியாக எடுத்து வைத்தேன். அக்கா அதைப் பிடுங்கி மற்ற தட்டுகளோடு போட்டாள். சில நாட்கள் போயிருக்கும். சமையலறையில் நின்றுகொண்டிருந்தவள் திடீரென்று திரும்பிக் கேட்டாள்.

"ஏண்டி, வந்தப்ப எப்படி இருமின? இப்ப எவ்ளோ கம்மியாயிருக்கு பாத்தியா?"

"ஹவ்க்கா, ஆமா. நானும் அதான் நினைச்சேன். மாத்திரை வேலை செய்யுது போல."

"மாத்திரையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. இத்தனை மாசமா வேலை செய்யாத மாத்திரை எங்க வீட்டுக்கு வந்ததும் வேலை செய்யுதா? உன் வீட்டுல என்னமோ இருக்கு. அந்த டாக்டர் நக்கோ, வேண்டவே வேண்டாம். நாளைக்கே வேற ஒருத்தர்கிட்ட போறோம்."

நுரையீரல் நிபுணரிடம் அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஐம்பது வயதிருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. கிளினிக்கில் இடையிடையே எடுத்த எக்ஸ்ரேக்களை வெளிச்சத்தில் வரிசையாகப் பார்த்தார். நிழல் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடத்தில் இருந்தது. சளி என்ன நிறம், கட்டியாக வருகிறதா, சின்ன வயதில் இழுப்பு உண்டா என்று கேட்டார். பிறகு, "வீட்டில் ஓதம் அடித்த சுவர் இருக்கிறதா?" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்த பிறகு அவர் விளக்கிச் சொன்னார். இது டிபி இல்லை. ஒருவகைப் பூஞ்சைக்கு எதிராக என் உடம்பு கொள்கிற கடுமையான ஒவ்வாமை. அதன் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன, எல்லோரும்தான் சுவாசிக்கிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. இழுப்பு இருக்கிற சிலருக்கு அது மூச்சுக்குழாய்ச் சளியில் தங்கி வளர ஆரம்பிக்கிறது. உடம்பு அதை விரட்டுகிறேன் என்று தன் மூச்சுக்குழாய்களையே புண்ணாக்கிக்கொள்கிறது. எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே தெரிவதால் நம் நாட்டில் நிறையப் பேர் என்னைப்போலவே டிபி மாத்திரை சாப்பிட்டுவிட்டுத்தான் அவரிடம் வருகிறார்களாம்.

"அந்தச் சுவர்தான் காரணமா டாக்டர்?"

"சுவர் மட்டும்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்த அறையில் நீங்கள் இனி ஒரு நாள்கூடப் படுக்கக் கூடாது."

டிபி மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார். ஸ்டீராய்டும் பூஞ்சைக்கான மருந்தும் எழுதினார். என் மூச்சுக்குழாய்கள் சில இடங்களில் நிரந்தரமாக விரிந்துபோய்விட்டன, அவை பழையபடி ஆகாது என்றும் சொன்னார். ஆட்டோவில் வரும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதடி, அதான் டிபி இல்லன்னு சொல்லிட்டாங்களே" என்றாள். நிம்மதியில் அழுகிறேன் என்று நினைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் அசோசியேஷன் கூட்டம். லிஃப்டில்தான் இறங்கினேன். ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எனக்கு டிபி இல்லை, பூஞ்சை ஒவ்வாமை, குழாயைச் சரிபண்ணியே ஆக வேண்டும் என்று தெலுங்கில் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு டாக்டர் வேறு என்ன சொன்னார் என்று விசாரித்தார். நான் முட்டாள் மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன்.

"டாக்டரே சொல்கிறாரே, எங்கும் இருக்கிறது, மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று. இங்கே இத்தனை குடும்பம் இருக்கிறது. யாருக்கு என்ன ஆயிற்று? பிராப்ளம் உங்கள் உடம்பில் இருக்கிறதம்மா, என் பாத்ரூமில் இல்லை."

எல்லோருக்கும் திடீரென்று செல்போனில் வேலை வந்துவிட்டது. அப்போதுதான் என் கணவர் எழுந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"மூச்சு விட முடியாதவள படியேற வச்சியே, நீயெல்லாம் மனுஷனாய்யா? உன் டைல்ஸ் உடையக்கூடாது, என் பொண்டாட்டி நெஞ்சு உடையலாமா?"

அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். கூட்டம் அதோடு கலைந்தது. ஒன்றும் தீர்மானமாகவில்லை.

இரண்டொரு நாள் கழித்து, பகலில், எங்கள் வீட்டு மணி அடித்தது. தலைவரின் மனைவி நின்றிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். நேராகப் படுக்கையறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்தார். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"எங்கள் பாத்ரூமிலும் இந்த வாசனை வருகிறது. நானும் எவ்வளவோ சொல்லிவிட்டேன். நாளைக்கு அவர் விஜயவாடா போகிறார். பிளம்பரை அழைத்து வாருங்கள், நான் கதவைத் திறக்கிறேன்" என்றார்.

டைல்ஸை உடைத்ததும் எல்லோரும் பார்த்தோம். குளிக்கிற தண்ணீர் போகும் குழாயின் இணைப்பு ஒட்டப்படவே இல்லை. சும்மா செருகி வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் யார் குளித்தாலும் அதில் ஒரு பங்கு எங்கள் சுவருக்குள் இறங்கியிருக்கிறது. அரைநாள் வேலை. அரைநாளில் முடிகிற வேலை அது. விஜயவாடாவிலிருந்து திரும்பியவர் மாடியே அதிரும்படி கத்தினார். அந்த அம்மாள் என்ன பதில் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதே டிசைன் கடையில் கிடைக்காததால் அங்கே இப்போது வேறு நிறத்தில் டைல்ஸ் இருக்கிறதாம். அற்பம்தான், ஆனால் அதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

எங்கள் சுவரைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்தோம். செங்கல்லும் கருத்துத்தான் இருந்தது. அது காய்ந்து, மேல்பூச்சு பூசி முடியும்வரை நான் அக்கா வீட்டிலேயே இருந்தேன். ஸ்டீராய்டில் முகம் ஊதி, பழைய புடவை ரவிக்கைகள் எதுவும் பற்றாமல் போயின. இருமல் அடங்கியது. ஆனால் இன்ஹேலர் இல்லாமல் இனி நான் எங்கும் போக முடியாது. கிளினிக் டாக்டரிடமும் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். "யாராயிருந்தாலும் டிபி என்றுதான் நினைத்திருப்பார்கள் மேடம்" என்றார். அடுத்த நோயாளியைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

இந்த வருஷ மழையில் முதல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த தம்பதி குரூப்பில் ஒரு போட்டோ போட்டார்கள். தொட்டிலுக்குப் பின்னால் சுவரில் கருப்புத் திட்டு. குழந்தை தும்மிக்கொண்டே இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் விவாதிக்கலாம் என்று தலைவர் பதில் போட்டார். அதற்குக் கீழே நான் எழுதினேன்: குழந்தையை இன்றைக்கே அந்த அறையிலிருந்து மாற்றுங்கள். காய்ந்த சுவரைத் தேய்க்காதீர்கள். டைல்ஸை உடைத்துக் குழாயைப் பார்க்க யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்காதீர்கள்.

கொஞ்ச நேரத்தில் தலைவர் என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு முதல் மாடிக்குப் போய் அவர்கள் வீட்டு மணியை அடித்தேன். அந்தப் பெண் கதவைத் திறந்தாள். இரண்டு பேருமாகத் தொட்டிலைத் தூக்கி ஹாலில் போட்டோம்.