பள்ளத்தில் ஏறாத வண்டி

"அந்தப் பள்ளத்துல அந்த வண்டி ஏறாதுடி. ஏத்திப் பாத்தவன் நான்" என்றார் நைனா. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் வலது பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் யஷ்வந்தபுரம் சிக்னலில் நிற்கும்போது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது. பக்கத்தில் ஒரு லாரி நிறைய ராகித் தாள், கதிர் அடித்துக் காய்ந்த வைக்கோல். அதன் வாசனை ஹெல்மெட்டுக்குள் புகுந்ததும் என் வலது கெண்டைக்கால் சுட்டது. பதினைந்து வருஷத்துத் தழும்பு அது. ஆனாலும் ராகித் தாள் வாசனைக்கு எரியும். இதை டாக்டரிடம் சொன்னால் சிரிப்பார், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

நாங்கள் ஸ்ரீராம்புரத்தில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். நைனா மாகடி ரோட்டுக்கு அப்பால் கல் குவாரியில் மேஸ்திரி. தர்மபுரிப் பக்கத்திலிருந்து கல் உடைக்க வந்தவர். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல். அவரிடம் இருந்த ஒரே பெருமை ஓசூர் கான்ட்ராக்டர் ஒருவரிடமிருந்து வாங்கிய அந்தப் பழைய மோட்டார் சைக்கிள். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடுவதற்கென்றே செய்த வண்டி. சோபா மாதிரி சீட்டு, தரையைத் தொடுகிற சைலன்சர், இரண்டு பக்கமும் இரும்புப் பெட்டி. பழைய மாதிரி என்பதால் கியர் வலது காலில். எங்கள் சந்தில் அது திரும்புவதற்கே இரண்டு பேர் வேண்டும்.

அவருடைய இன்னொரு பெருமை நான். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூட வாசற்படி மிதித்த முதல் ஆள். எனக்கும் அந்தப் பெருமை தலைக்கு மேல் இருந்தது. பஸ்ஸின் கன்னடப் பலகைகளையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே போவேன். கேட்கிறவர்களுக்குத்தான் தலைவலி.

காவிரித் தண்ணீருக்காக ஊர் எரிந்த அந்த டிசம்பரில் நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவும் தம்பியும் ஊருக்குப் போயிருந்தார்கள். மூன்றாம் நாள் சந்து முனையில் ஒரு பெட்டிக்கடை எரிந்தது. என்னைக் குவாரிக்குக் கூட்டிப்போய்விடலாம், அங்கே எல்லாரும் நம் ஆட்கள் என்று நைனா முடிவு செய்தார். வழியில் நம்பர் பலகை பார்த்துத் தமிழ்நாட்டு வண்டிகளை நிறுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். குவாரியில் வெடிக்குழிக்கு அடையாளம் வைக்கிற சிவப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"நீதான் படிச்ச புள்ளயாச்சே. பலகைய கன்னடத்துல மாத்தி எழுது பாப்பா."

எழுதினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஸ்கேல் வைத்து, ஒரு எழுத்துகூடக் கோணாமல். பலகையில் என்ன இருந்ததோ அதையே, தமிழ்நாட்டு வண்டி என்று காட்டுகிற எழுத்து, எண் எல்லாவற்றையும், அப்படியே அழகான கன்னடத்தில். மாற்ற வேண்டியது எதை என்று எனக்குத் தெரியாது. நைனாவுக்கு எந்த எழுத்தும் ஒன்றுதான். "ஜோரா கீது" என்று தள்ளி நின்று ரசித்தார். ஆங்கிலத்தில் இருந்தவரை பாதிப் பேருக்காவது புரிந்திருக்காது. நான் எல்லாருக்கும் புரியும்படி செய்துவைத்தேன்.

மாகடி ரோட்டில் டயர்கள் எரிந்தன. பத்துப் பதினைந்து பேர் நிறுத்தினார்கள். கையில் சைக்கிள் செயின் சுற்றிய ஒருவன் குனிந்து பலகையை நிதானமாகப் படித்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சென்னாகிதே. யாரு பரெதித்து?" நன்றாக இருக்கிறதே, யார் எழுதியது என்கிறான்.

பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்த நான் கையைத் தூக்கினேன். "நானே."

முதல் அடி நைனாவின் முதுகில் விழுந்தது. இரண்டாவது அடியில் செயினின் நுனி அவர் காதைக் கிழித்து என் சட்டையில் இரத்தம் தெறித்தது. யாரோ பின்பெட்டியைப் பிடித்து இழுத்தார்கள். நைனா முழு வேகத்தில் முறுக்கினார். வண்டி ஒருவனை இடித்துத் தள்ளிக்கொண்டு ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியது. அந்த வண்டி மண்ணில் இறங்கியது அதுதான் முதல் தடவை.

அது குவாரி லாரிகள் முன்பு போன பழைய தடம். கருங்கல் சில்லு கத்தி கத்தியாகக் கிடக்கும். சைலன்சர் பாறையில் மோதிக் கிழிந்து வண்டியின் சத்தம் வெடிமருந்து மாதிரி வெடித்தது. பின்னாலிருந்து கல் வந்தது. பெட்டிகளில் பட்ட கல் மணியடித்தது, நைனாமேல் பட்ட கல் சத்தமே போடவில்லை. மழை அறுத்த ஒரு செம்மண் பள்ளம் வந்தது. இறங்கிவிட்டோம். எதிர்க்கரை சுவர் மாதிரி. உச்சியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பாறைப் படி. முன்சக்கரம் அந்தப் படியைத் தொட்டது, வானத்தைப் பார்த்தது, அப்படியே மல்லாந்தது.

வலது பக்கமாகச் சரிந்து விழுந்தோம். என் கெண்டைக்கால் கொதிக்கும் குழாயில் ஒட்டிக்கொண்டது. நைனாவின் பாதம் வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் நசுங்கியது. எலும்பு உடைகிற சத்தம் எனக்கு இன்றும் கேட்கும், விறகு உடைக்கிற மாதிரி.

மேலே களத்தில் ராகி அடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் ஓடிவந்தார். ஒன்றும் கேட்கவில்லை. எங்களை இழுத்துப் போய்த் தாள் போருக்குள் தள்ளி மேலே இன்னும் நாலு கட்டுப் போட்டார். துரத்தி வந்தவர்களிடம் "இல்லி யாரூ பந்தில்லா, ஹோக்ரோ" என்று யாரும் வரவில்லை எனச் சொல்லி விரட்டியது கேட்டது. நைனா என் வாயைப் பொத்தியிருந்தார். தோல் உரிந்த காலில் தாள் குத்தியது. நான் அவர் கையைக் கடித்தேன். அவர் கையை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரால் கியர் போட முடியவில்லை. குவாரி ஆட்கள் மீட்டுவந்த வண்டி பன்னிரண்டு வருஷம் சந்தில் பிளாஸ்டிக் தாள் போர்த்திக் கிடந்தது. நான் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தேன், வகுப்பில் ஒரே பெண். பீன்யாவில் ஒரு டிசைன் ஆபீசில் சேர்ந்து, வண்டியை நானே பிரித்து, நானே மாட்டி, கர்நாடக நம்பரும் வாங்கினேன். அந்தச் சிவப்புப் பலகை மட்டும் என் கட்டிலுக்கு அடியில்.

நைனாவுக்கு அந்தச் சத்தமே ஆகவில்லை. "சும்னே எதுக்கு அது? திங்கக்கிழமை பழைய இரும்புக்காரன் வர்றான், ஏத்தி வுடப்போறேன்."

"அந்தப் பள்ளத்துல ஏத்திட்டு வந்தா?"

அப்போதுதான் ஏறாது என்றார். பிறகு அவரே, "ஏறினா வெச்சிக்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். பெட்டிகளைக் கழற்றி, சைலன்சரை உயர்த்திக் கட்டி, டயரில் பாதிக் காற்றை இறக்கியிருந்தேன். படித்தவள் அல்லவா, எல்லாம் கணக்காகத்தான் செய்தேன். முதல் தடவை வண்டி என்னைத் தூக்கி எறிந்தது. ஹேண்டில் விலாவில் இடித்து மூச்சு நின்றது. இரண்டாம் தடவை என் மேலேயே விழுந்தது, அதே குழாய், அதே கெண்டைக்கால். கெட்ட வார்த்தைகளை மூன்று மொழியிலும் சொன்னேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது. வாயில் மண்ணும் இரத்தமும்.

மூன்றாம் தடவை எழுந்து நின்று, டேங்க் மேல் நெஞ்சு படும்படி கவிழ்ந்து படுத்து முதல் கியரில் விட்டேன். முன்சக்கரம் படியைத் தொட்டது. வானத்தைப் பார்த்து எழும்பவில்லை. என் கனம் அதை அமுக்கிப் பிடித்திருந்தது. பின்சக்கரம் கல்லை வாரி இறைத்துக்கொண்டு ஏறிவிட்டது.

மேலே வண்டியை நிறுத்தினேன். சந்தோஷம் வரவில்லை. என் நெஞ்சு பட்ட டேங்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்து, "ஏறிடுச்சி நைனா" என்றேன்.

கிழிந்த பேண்ட்டையும் வீங்கின கையையும் பார்த்தார். "எப்படி ஏத்தின?"

"டேங்க் மேல கவுந்து படுத்தேன்."

தன் வலது பாதத்தைத் தடவினார். பிறகு, "தெரியும். படுக்க எடம் இல்ல அன்னிக்கி" என்றார். "அதுல நீ இருந்த."

திங்கட்கிழமை இரும்புக்காரன் வந்தான். "குடுக்கறதா இல்லப்பா, போ" என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்.

அந்தக் களம் இப்போது இல்லை. அந்த அம்மாளைத் தேடினேன், நிலத்தை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டார்களாம். ராகித் தாள் போர் நின்ற இடத்தில் மனைப்பிரிவு, வரிசையாக வெள்ளையடித்த கல். குவாரியில் தண்ணீர் நிற்கிறது. பள்ளத்தின் ஒரு பக்கத்தை மண் கொட்டி மூட ஆரம்பித்துவிட்டார்கள். பாறைப் படி மட்டும் இன்னும் தெரிகிறது.

லாரியைப் பார்த்த அன்று மாலை வரைபடத் தாள் ஒன்றைத் தரையில் விரித்து, பென்சிலோடு உட்கார்ந்தேன். நைனா எதற்கு என்று கேட்கவில்லை. திரும்பிய விரல்களும் பக்கவாட்டில் புடைத்த எலும்புமாக இருக்கும் வலது பாதத்தைத் தூக்கி அதன் மேல் வைத்தார். சுற்றிலும் கோடு இழுத்தேன். அந்த அளவுக்கு வெட்டி, குதிகாலால் மிதித்தே மாற்றும்படி ஒரு கியர் மிதிகட்டை செய்து நேற்று வண்டியில் பற்றவைத்துவிட்டேன். பள்ளத்தை மூடி முடிப்பதற்குள் நைனாவே ஏற்றிப் பார்க்கட்டும். இந்த முறை டேங்க் மேல் யாரும் உட்காரப் போவதில்லை.