சிட்டுவின் பிறந்த வீடு

வேப்பெண்ணெயில் கற்பூரத்தைப் பொடித்துப் போட்டுக் காய்ச்சும்போது ஒரு மணம் வருமே, அது மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் வாயில் எச்சில் ஊறும். மருந்து நாற்றத்துக்கு எச்சில் ஊறுமா என்று என் மருமகள் சிரிக்கிறாள். ஊறும் தாயே, ஊறும். அந்த மணம் வந்த கொட்டகையில்தான் சின்ன வயதில் எனக்குத் தினமும் ஒரு பிடி வெந்த கொள்ளு கிடைத்தது. குதிரைகளுக்கென்று பெரிய அண்டாவில் வேகவைத்து, உப்புகூடப் போடாமல் அள்ளிக் கொடுத்த அந்தக் கொள்ளின் ருசி அதற்கப்புறம் எந்த விருந்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் ஆம்பூரில் மற்ற மணமெல்லாம் தோலுக்குச் சொந்தம். தோலைப் பதம் போடத் தொட்டி தொட்டியாக ஆவாரம்பட்டை ஊறிக்கொண்டிருக்கும், காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் துவர்ப்பு வாடை சோற்றுத் தட்டுவரை வந்து உட்காரும். அதிலிருந்து தப்பித்த ஒரே இடம் வேலூர் ரோட்டோரம் இருந்த அந்தக் கொட்டகை. வாசலில் ‘மிருக வதைத் தடுப்புச் சங்கம்’ என்று பலகை தொங்கும். எங்கள் தெருக்காரர்களுக்கு அவ்வளவு நீளம் வாய்க்குள் நுழையுமா? ‘வதைச் சங்கம்’ என்று வெட்டிச் சுருக்கிவிட்டார்கள். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் இங்கே மாட்டை அடிப்பதற்கே ஒரு சங்கம் இருக்கிறதாக்கும் என்று பயந்துபோவார்கள்.

அதை ஆரம்பித்தவர்கள் தோல் மண்டிக்காரர்கள் என்பதுதான் பெரிய வேடிக்கை. “உசுரோட இருக்குற வரைக்கும் தடவிக் குடுப்பாங்க, செத்தா உரிச்சுடுவாங்க, நல்லாருக்குது இவங்க தர்மம்” என்று என் நைனா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். (எங்கள் பக்கம் அப்பாவை ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம்.) ஆனால் விஷயம் வேறு. மண்டியில் தோலை மேசைமேல் விரித்துத் தரம் பிரிப்பார்கள். முடி போன தோலில் ஒன்றும் மறையாது. தார்க்கோல் குத்திய புள்ளிகள், பழுக்கக் காய்ச்சி வைத்த சூடு, நுகத்தடி தேய்த்த புண் எல்லாம் வரிசையாகத் தெரியும். ஒரு மாடு வாழ்நாளெல்லாம் பட்ட பாட்டைத் தினமும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு கட்டத்தில் பொறுக்கவில்லை, சங்கம் வைத்தார்கள். அப்படி இல்லை, புண் பட்ட தோலுக்கு விலை கம்மி, அதுதான் காரணம் என்று சொல்பவர்களும் இருந்தார்கள். எனக்கென்னவோ இரண்டும் கலந்ததுதான் என்று தோன்றுகிறது. கலந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே, அவர்கள் கட்டிய கல்தொட்டியில் மாடு குதிரைகளுக்குக் கோடை முழுக்கத் தண்ணீர் இருந்தது.

சங்கத்தின் கையும் காலும் காதர் பாய்தான். முன்பு மண்டியில் தரம் பிரித்தவர், பிறகு காக்கிக் கோட்டும் பித்தளை வில்லையும் மாட்டிக்கொண்டு சங்கத்துக்கு வந்துவிட்டார். பட்டை ஏற்றி வரும் வண்டிகளை ரோட்டில் மறித்து நுகத்தடிக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பார், பாரம் ஜாஸ்தி என்றால் அங்கேயே பாதியை இறக்கச் சொல்வார். வண்டிக்காரன் கையிலிருக்கும் தார்க்கோலை வாங்கி அதன் நுனி ஆணியைக் குறட்டால் பிடுங்கித் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் கோலை மரியாதையாகத் திருப்பிக் கொடுப்பார். அவர் நடந்தால் பை கலகலவென்று சத்தம் போடும். அத்தனையும் துட்டு என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

என் நைனா முனுசாமி ஸ்டேஷனுக்கும் பஜாருக்கும் ஜட்கா ஓட்டியவர். எங்கள் குதிரை சிட்டு. செம்பழுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, கோபம் வந்தால் காதைப் பின்னால் மடித்துக்கொள்வாள். எங்களுக்குக் கூழ்தான் என்ற நாளிலும் அவளுக்குக் கொள்ளு உண்டு. “மொதல்ல அவ துன்னட்டும், அவ ஓடுனாத்தான் நீ துன்னுவே” என்று நைனா என் தலையில் செல்லமாகக் குட்டுவார். அவர் குதிரையை அடித்து நான் பார்த்ததே இல்லை. இதை நான் இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அடுத்துச் சொல்லப்போவது அப்படிப்பட்டது.

ஒரு கோடையில் தோல் வாங்க மதராஸிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள். ஓயாத சவாரி. சேணம் அழுந்தி அழுந்திச் சிட்டுவின் முதுகில் புண் வந்துவிட்டது. அவளை நிறுத்தினால் வீட்டில் உலை நிற்கும். நைனா என்ன செய்தார்? எல்லா ஜட்காக்காரர்களும் செய்ததைச் செய்தார். பதம் போடுகிற தோல் ஷாப்புத் தொட்டியிலிருந்து ஒரு தகரக் குவளையில் ஆவாரம்பட்டைச் சாறு கொண்டுவந்து புண்ணின்மேல் பூசினார். சாறு செம்பழுப்பு, குதிரையும் செம்பழுப்பு, காதர் பாய் கண்ணுக்குத் தெரியாது. மறைக்க மட்டும்தான் பூசினார் என்று சொன்னால் எனக்கே மனசு ஆறாது. வாய்ப்புண்ணுக்கு அதே பட்டையைக் கொதிக்கவைத்துக் கொப்பளிக்கிற ஊர் இது, துவர்ப்பில் புண் ஆறிவிடும் என்று அவர் மனசார நம்பினார். புண்ணும் காய்ந்து மேலே கெட்டியாக மூடிக்கொண்டது. “பாத்தியா, எப்டி ஆறிப்போச்சு!” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ஒருநாள் காலை ரயில் வந்த நேரம் ஸ்டேஷன் வாசலில் காதர் பாய் சிட்டுவின் முதுகில் கையை வைத்தார். வைத்த கை நகரவில்லை. கட்டைவிரலால் அழுத்தினார், சிட்டு துடித்துப்போய்க் காதை மடித்தாள்.

“முனுசாமி, இது ஆறின தோல் இல்லப்பா” என்றார். “பதம் போட்ட தோல். உசுரோட நிக்கிற ஜீவனுக்குப் பதம் போட்டு வச்சிருக்கியே, உள்ள இன்னா ஆவுதுன்னு தெரியுமா ஒனக்கு?”

ஏறியிருந்த சவாரி இறங்கிப் போய்விட்டது. சிட்டுவை அவிழ்த்துச் சங்கத்துக்குக் கொண்டுபோனார்கள். நைனா குதிரையைப் பூட்டுகிற ஏர்க்காலுக்கு நடுவில் தானே நின்று ஜட்காவை வீடுவரை இழுத்துக்கொண்டு வந்தார். நான் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தேன். பஜாரே நின்று வேடிக்கை பார்த்தது.

அமாவாசைக்கு வேலூரிலிருந்து மாட்டு டாக்டர் வருவார், சீழ் எலும்புவரை இறங்கியிருந்தால் துப்பாக்கியால் சுட்டுவிடுவார்கள் என்று செய்தி வந்தது. “இன்னா பேஜாரு இது, என் குதிரையைப் புடுங்கிக்கினு போய்ச் சுடுவானுங்களா? இனிமே அந்தக் கொட்டாய் வாசலை மிதிச்சா நான் முனுசாமியே இல்ல!” என்று நைனா கத்தினார். கத்திவிட்டு ஸ்டேஷனில் மூட்டை தூக்கப் போனார். அம்மா தோல் ஷாப்பில் பட்டை இடிக்கப் போனாள். சாயங்காலம் அம்மாவும் நானும் புல்லறுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவோம். அந்த ஒரு பிடிக் கொள்ளு எனக்குக் கிடைத்தது அப்போதுதான். நான் தின்பதைப் பார்த்துக்கொண்டு சிட்டுவும் தின்பாள். ஆனால் முதுகுப் பக்கம் யாராவது போனால் போதும், பின்னங்கால் பறக்கும்.

அமாவாசை நெருங்கியபோது ஒரு மத்தியானம் காதர் பாய் நொண்டிக்கொண்டே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். தொடையில் உதை வாங்கியிருந்தார்.

“மேல ஓடு மாதிரி மூடியிருக்குறதை எண்ணெயில ஊறவச்சு எடுக்கணும். எடுத்தாத்தான் சீழ் வெளிய வரும், புண்ணு ஆறும். அவ ஒருத்தனையும் கிட்ட சேக்கமாட்டேங்குறா. நீ வந்து தலையப் புடிச்சா நிப்பா.”

“நீதானே புடிச்சிக்கினு போனே, நீயே பாத்துக்கோ பாய்.”

“நான் பாத்துக்குறதா இருந்தா இந்த வெயில்ல இந்தக் காலை வச்சிக்கினு வருவனா? கோவத்தை அப்பறம் காட்டு தோஸ்த். அவளுக்கு நாள் கம்மியா இருக்குது.”

அம்மா நைனாவின் துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள், அவ்வளவுதான். அவர் எழுந்து நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன்.

கொட்டகையில் வேப்பெண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. நைனா சிட்டுவின் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காதுக்குள் ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தார், காதர் பாய் வெதுவெதுப்பான எண்ணெயைத் துணியில் நனைத்து நனைத்துப் போட்டார். வெகுநேரம் கழித்து அந்த ஓடு மெல்லப் பெயர்ந்து வந்தது. காதர் பாய் அதைக் கையில் வைத்துக் காட்டினார். செருப்புக்கு வெட்டிய தோல் மாதிரியே இருந்தது. அதற்குக் கீழே இருந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. நைனா பார்த்தார். பார்த்துவிட்டு, “நான்தாண்டி பண்ணேன், பாவி நான்தாண்டி பண்ணேன்” என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஊர் கேட்க அழுதார். அவ்வளவு பெரிய மனுஷன் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிட்டு அசையாமல் நின்றாள்.

அன்றிலிருந்து அமாவாசைவரை மூட்டை தூக்கிய நேரம் போக நைனா கொட்டகையிலேதான் கிடந்தார். டாக்டர் வந்தார், அழுத்திப் பார்த்தார், எலும்பு தப்பித்தது என்றார். அம்மா ஓடிப்போய்ச் சங்கத்துக் கல்தொட்டிக்குக் கற்பூரம் ஏற்றினாள். அதற்கு எதற்குக் கற்பூரம் என்று யாரும் கேட்கவில்லை.

புண் ஆறிச் சிட்டு மறுபடி வண்டியில் பூட்டப்பட்டபோது ஒரு புதுப் பழக்கத்தோடு வந்தாள். வேலூர் ரோட்டில் எந்தச் சவாரி போனாலும் சங்கத்து வாசல் வந்ததும் தானாக உள்ளே திரும்பி நின்றுவிடுவாள். கடிவாளத்தை இழுத்தாலும் கெஞ்சினாலும் நகரமாட்டாள். வண்டிக்குள் இருப்பவர்கள் ரயிலுக்கு நேரமாகிறது என்று கூச்சல் போடுவார்கள். “கொஞ்சம் பொறு சாமி, பொறந்த வூட்டுக்கு வந்திருக்குது, ரெண்டு வாய் துன்னுட்டு வரட்டும்” என்பார் நைனா. காதர் பாய் வெளியே வந்து, ஒரு கையால் கொள்ளைக் கொடுத்துக்கொண்டே மறுகையைச் சேணத்துக்கு அடியில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார். அவரைக் கண்டதும் மற்ற ஜட்காக்கள் சந்துக்குள் ஒளிய, எங்கள் வண்டி மட்டும் தினம் தானாகவே போய்ச் சோதனைக்கு நின்றது. ஸ்டாண்டில் நைனாவை ‘சங்கத்து மாப்ளே’ என்று கிண்டல் பண்ணினார்கள். கிண்டல் பண்ணியவர்களே பிறகு, குதிரைக்குப் புண் என்றால் குவளையோடு தோல் ஷாப்புக்குப் போகாமல் கொட்டகைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

எனக்குக் கல்யாணமாகி நான் வாணியம்பாடிக்குப் போன பிறகு, வயதாகித்தான் சிட்டு செத்துப்போனாள். சேதி கேட்டு நான் வந்தபோது தோல் எடுக்க வண்டியோடு ஆள் வந்து நின்றுகொண்டிருந்தான். எங்கள் ஊரில் மாடோ குதிரையோ செத்தால் அதுதான் வழக்கம், அதில் தப்பொன்றும் கிடையாது. நைனா குறுக்கே நின்றுகொண்டார்.

“குடுக்கமாட்டேன். முடி போனா அந்தத் தழும்பு மேசை மேல விரிஞ்சு கெடக்கும். எவனோ ஒருத்தன் வெரலை வச்சுப் பாத்துட்டு, இதை வச்சிருந்தவன் இன்னா மனுசன்டான்னு கேப்பான். அவ அப்டியே போகட்டும்.”

தாடி வெளுத்துப்போன காதர் பாய் கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியைக் காட்டி, “பொறந்த வூட்டுலயே வை முனுசாமி” என்றார். அங்கேயே குழி வெட்டிப் புதைத்தோம்.

போன மாதம் அந்த வழியாக ஆட்டோவில் போனேன். கொட்டகையும் வேப்பமரமும் இருந்த இடத்தில் ஷூ கம்பெனியின் குடோன். ரோட்டை அகலப்படுத்தியபோது கல்தொட்டி போய்விட்டது, பலகை எப்போது போனது என்று சொல்ல ஆளில்லை, ஜட்கா என்றால் என்னவென்று ஆட்டோக்காரப் பையன் என்னைக் கேட்டான். தொட்டிகளில் இப்போது ஆவாரம்பட்டை கிடையாது, ஏதேதோ மருந்து, அந்தத் துவர்ப்பு வாடைகூட மாறிவிட்டது. ஒரு ஜாண் துண்டு கிடைத்தாலும் கடிகாரத்துக்கு வாராகத் தைத்து விற்கிற ஊர் இது. அந்தக் குடோனுக்கு அடியில் எங்கேயோ ஒரு முழுத் தோல், யார் விரலும் படாமல், தழும்போடு கிடக்கிறது.