மஞ்சப் பெட்டிக்குப் போன டயப்பர்

இல்லைங்க, அவரை வேலைய விட்டுத் தூக்கல. செக்கிங்லேர்ந்து அட்டைப்பெட்டி ஒட்டுற பக்கம் மாத்தி விட்டுட்டாங்க, அவ்வளவுதான்.

அவருன்னா எங்க சம்பந்தி, மருமகளோட அப்பா. பதினோரு வருஷமா டயப்பர் கம்பெனியில செக்கிங். பெல்ட்டுல ஓடி வர்றத ஒவ்வொண்ணா இழுத்துப் பாப்பாரு. நல்லதுன்னா நீலப் பெட்டி, கடைக்குப் போகும். டேப் ஒட்டலன்னாலோ எலாஸ்டிக் கோணலா இருந்தாலோ மஞ்சப் பெட்டி. அது எங்க போகுதுன்னு அவரு கேட்டதும் இல்ல, யாரும் சொன்னதும் இல்ல.

கடைப் பாக்கெட்டுல ஒரு குழந்தை சிரிக்கும். கீழ, 'நீங்க ஒண்ணு வாங்கினா இல்லாத வீட்டுக் குழந்தைக்கு நாங்க ஒண்ணு குடுக்கறோம்'னு போட்டிருக்கும். மத்ததவிட விலை கூடத்தான். என் பையன் அதையேதான் வாங்கி அடுக்கி வச்சிருந்தான். "புண்ணியமும் சேந்து வருதும்மா"ன்னான்.

போன மாசம் அரசாங்க ஆஸ்பத்திரியில பேத்தி பொறந்தா. மூக்கு என்னோடது. வார்டுல எல்லாருக்கும் அந்தக் கம்பெனி பேர்ல ஒரு கட்டு குடுத்தாங்க. போட்டா, டேப் நிக்கல. ஒரு மணி நேரத்துல மூணு தடவ என் மடி நனைஞ்சுது. "வரும்போதே ஆத்தையும் கூட்டிட்டு வந்திருக்கா"ன்னு சிரிச்சேன். சம்பந்தி சிரிக்கல. ஒண்ண எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல இழுத்துப் பாத்தாரு.

"இது நான் தள்ளினது, சம்பந்தியம்மா."

பக்கத்துக் கட்டில் பொண்ணு துணியக் கிழிச்சு அது மேல கட்டிக்கிட்டிருந்துச்சு.

வேலைக்குத் திரும்பின நாள்லேர்ந்து பழுது எல்லாத்தையும் குப்பையில போட்டாரு. மஞ்சப் பெட்டி காலி. சூப்பர்வைசர் பொண்ணு வந்து நின்னுச்சு.

"என்ன ஐயா, தர்மத்துக்குப் போறதயும் கெடுக்கறீங்க? தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா?"

"வாங்கறவன்தாம்மா பாக்கக் கூடாது. குடுக்கறவன் பாத்துட்டுத்தான் குடுக்கணும்."

அன்னிக்கே எடம் மாறிடுச்சு. சம்பளம் அதேதான். ஆனா செக்கிங் ஆளுன்னு ஒரு மரியாதை இருந்துச்சு, அது போச்சு.

"ரிட்டயராக ரெண்டு வருஷம் இருக்கு, உங்களுக்கு எதுக்குப்பா ஊர் வம்பு?"ன்னு மருமக சத்தம் போட்டா.

"டேப்புதான் ஒட்டல, நானாவது ஒட்டறேனே"ன்னாரு. சொல்லிட்டு அன்னிக்கு அவரு சரியா சாப்பிடல.

நேத்து ஆபீஸ்ல கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்க. மறுபடி ஆஸ்பத்திரியில குடுக்கப் போறாங்களாம், போட்டோ உண்டாம். புதுசா தாத்தா ஆனவரு கையால குடுத்தா நல்லா இருக்குமாம். வந்து நின்னா பழைய எடத்துக்கே போட்டுடுவாங்களாம். மருமக அப்பாவோட கம்பெனி சட்டைய வாங்கி, அவளே தேச்சு வச்சா.

இன்னிக்குக் காலையில சட்டைய மாட்டிக்கிட்டுப் போக வந்தவரு, பேத்தி கன்னத்தத் தொட்டுட்டு என்கிட்ட சொன்னாரு: "போய் நிக்கறேன் சம்பந்தியம்மா. ஆனா ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். போட்டோ புடிக்கறவரு கொஞ்சம் பொறுத்துக்கட்டும்."